மண்ணும் சாம்பலும்

வரலாறு என்றால் அரசர்களின் பெயர்களும் போர்கள் நிகழ்ந்த ஆண்டுகளுமே என்று நம்மில் பலர் கருதுகின்றோம். சுவரில் இருக்கும் செங்கல்லுக்கும் ஒரு வரலாறு உண்டு. அதனைப் போடிநாயக்கனூரிலிருந்து தொடங்க விரும்புகின்றேன்.

அவ்வூரை அடுத்து ஏலமலைச் சரிவுகள் எழுகின்றன. அங்குள்ள பாறைகளில் அடங்கிய பெல்ஸ்பார் என்னும் கனிமம் மழையாலும் வெயிலாலும் சிதைந்து களிமண்ணாகிறது. கொட்டகுடி ஆறு போன்ற துணையாறுகள் அம்மண்ணை வைகையிற் சேர்க்கின்றன. வைகை அதனைச் சமவெளியின் வயல்களிலும் கண்மாய்களிலும் படிவிக்கிறது. மதுரைக்குத் தென்கிழக்கே, அதே வைகையை அடுத்த கீழடியில் 2015-இல் இந்தியத் தொல்லியல் துறை அகழாய்வு தொடங்கியது. சங்ககாலச் செங்கற் கட்டடங்கள் அங்கே வெளிப்பட்டன. ஆறு கொணர்ந்த மண்ணே சூளையில் வெந்து ஊராக எழுந்தது.

பச்சை மண் நீரில் கரைகிறது. சுட்ட மண் கரைவதில்லை. இதன் காரணம் யாது? ஏறத்தாழ 500 பாகை செல்சியஸ் வெப்பத்தில், களிமண்ணோடு பிணைந்திருந்த நீர் வெளியேறுகிறது. வெப்பம் 900 பாகையைக் கடக்கும்போது மண்ணின் ஒரு பகுதி இளகிக் கண்ணாடிபோலாகி, மணற்றுகள்களை இறுகப் பற்றுகிறது. அப்பற்றே செங்கல்லின் வலிமை.

ஆயினும் இவ்வலிமைக்கு நாம் கொடுக்கும் விலை பெரிது. ஒரு செங்கல்லின் எடை சுமார் 3 கிலோ. ஆகவே ஆயிரம் கல்லுக்கு 3 டன்னுக்குக் குறையாத மண் வேண்டும். வயலின் மேல்மண் உருவாகப் பல நூற்றாண்டுகள் செல்லும். சூளைக்குச் சென்ற மண்ணோ மீண்டும் நெல் விளைவிக்காது.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் அனல் மின்நிலையங்கள் பெருகின. தூத்துக்குடியில் முதல் அலகு 1979-இல் இயங்கத் தொடங்கியது. நம் நாட்டு நிலக்கரி 100 டன் எரிந்தால் ஏறத்தாழ 30 முதல் 40 டன் சாம்பல் எஞ்சும். களிமண்ணில் உள்ள சிலிக்காவும் அலுமினாவுமே அச்சாம்பலிலும் மிகுதியாக உள்ளன. அதில் எரியாது தங்கிய கரி சூளைக்குள் எரிந்து விறகையும் சிறிது மிச்சப்படுத்தும். களிமண்ணோடு சாம்பல் கலந்து சுட்ட கல்லுக்கு 1993-இல் இந்தியத் தரநிருணயம் ஏற்பட்டது. அனல் மின்நிலையத்திலிருந்து 50 கிலோமீட்டருக்குள் செங்கல் செய்வோர் 25 விழுக்காடேனும் சாம்பல் கலக்க வேண்டுமென 1999-இல் மத்திய அரசு ஆணையிட்டது. 2003-இல் அவ்வெல்லை 100 கிலோமீட்டராயிற்று. இவ்வாறு கலந்தால் ஆயிரம் கல்லுக்கு முக்கால் டன் அளவு மண் வயலிலேயே தங்கும்.

போடிச் சரிவுகளின் அருகே அனல் மின்நிலையம் இல்லை. தொலைவிலிருந்து சாம்பலைச் சுமந்து வருவதோ செலவு மிக்கது. ஆனால் கம்பம் பள்ளத்தாக்கு நெல் விளையும் நாடு. அரிசி ஆலைகளின் உமிச்சாம்பலில் பெரும்பகுதி சிலிக்காவேயாகும். அதனை அளவோடு கலந்தால் கல் இலேசாகும்; அளவு மிஞ்சினால் நுண்துளைகள் பெருகி வலிமை குன்றும். ஆலைக் கழிவு எதனையும் ஆராயாமல் கலப்பதும் தவறு. அதிலுள்ள நச்சு உலோகங்கள் நீரிற் கசியுமா என்று முதலில் சோதித்தல் வேண்டும்.

இச்சோதனைகளுள் எளியது ஒன்றை நீங்களே செய்யலாம். உலர்ந்த செங்கல்லை எடை பார்த்து, 24 மணி நேரம் நீரில் ஊறவைத்து, மீண்டும் எடை பாருங்கள். சாதாரணச் செங்கல் தன் எடையில் 20 விழுக்காட்டுக்கு மேல் நீரை ஏற்றல் ஆகாது. சாம்பல் கலந்த கல்லையும் கலவாத கல்லையும் அருகருகே சோதித்து, கண்ட அளவுகளைக் குறித்து வையுங்கள். மண்ணைக் காக்கும் வழி எது என்பதை அந்தக் குறிப்பேடே உங்களுக்கு உரைக்கும்.