சிவபூஜைக்கு வந்த கரடி

'சிவபூஜையில் கரடி புகுந்தது போல' என்போம். முக்கியமான வேலை நடக்கும்போது வேண்டாத ஆசாமி உள்ளே நுழைந்தால் வாயில் தானாக வருகிற பழமொழி. 'அது காட்டுக் கரடி இல்லீங்க, கரடிகைங்கிற பழைய வாத்தியம். அமைதியான பூஜையில அதைப் போட்டு முழக்கினா எப்படி இருக்கும்?' என்று தமிழாசிரியர்கள் விளக்கம் தருவார்கள். நியாயமான விளக்கம்தான். ஆனால், நீலகிரியில் போய்ச் சொன்னால் சிரித்துவிடுவார்கள்!

அங்கே நிஜக் கரடியே கோயிலுக்கு வருகிறது. கோத்தகிரி, குன்னூர், மஞ்சூர் பக்கம் கடந்த பல வருடங்களாக இது அடிக்கடி அடிபடும் செய்தி. ராத்திரியில் கதவை உடைத்து உள்ளே போகும். உண்டியலைத் தொடாது. விளக்கில் இருக்கிற எண்ணெயைக் குடித்துவிட்டுப் போய்விடும். பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடம், ரேஷன் கடை, பேக்கரி... எங்கெல்லாம் எண்ணெயும் இனிப்பும் உண்டோ அங்கெல்லாம் வரும். சமையலறைப் பக்கக் கதவு லேசாக இருந்தால் வீட்டுக்குள்ளும் வரும்.

ஊட்டிக்குப் போகிற மலை ரயிலில், ஊட்டிக்கு முந்தின ஸ்டேஷன் லவ்டேல். கடல் மட்டத்திலிருந்து ஏழாயிரம் அடிக்கு மேலே இருக்கிறது. வறண்ட இலையுதிர் காடு, பாறை இடுக்கு, கரையான் புற்று, வெயில்... கரடிக்குப் பிடித்த சமாசாரங்கள் இவை. இந்தப் பனியும் குளிரும் அல்ல. அப்படியானால் மலைச்சரிவில் கீழே இருந்த கரடி ஏன் மேலே ஏறியது? அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். கொஞ்சம் என்றால் ஓர் இரண்டாயிரம் வருடம்!

சங்கப் புலவர்களுக்குக் கரடி நன்றாகவே தெரியும். 'எண்கு' என்றார்கள், 'உளியம்' என்றார்கள். அகநானூற்றின் 72-ஆம் பாட்டில் ஒரு காட்சி வருகிறது. மழை இருட்டு. புற்றின் மேல் மின்மினிகள் மொய்த்துக் கிடக்கின்றன. ஆண் கரடி ஒன்று பெரிய கையால் அந்தப் புற்றைப் பெயர்க்கிறது. மின்மினிகள் தீப்பொறி மாதிரி சிதறுகின்றன. பார்ப்பதற்கு, உலைக்களத்தில் இரும்பு அடிக்கிற கொல்லனைப் போல் இருக்கிறதாம் கரடி. காட்டில் ராத்திரி நடந்த அனுபவம் இல்லாதவர் இப்படி எழுதியிருக்க முடியாது.

இன்னொரு விஷயத்தையும் கவனித்திருக்கிறார்கள். கரடிக்கு இலுப்பைப் பூ என்றால் உயிர். கீழே உதிர்ந்ததைப் பொறுக்கித் தின்னும் கரடிகள் பல பாட்டுகளில் வருகின்றன. 'ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை' என்று நாம் சொல்கிறோம் இல்லையா? அந்தச் சர்க்கரையைத்தான் கரடி காலங்காலமாகச் சாப்பிட்டு வருகிறது. அதே மரத்தின் விதையிலிருந்து எடுத்த இலுப்பெண்ணெயில்தான் அந்த நாளில் கோயில் விளக்குகள் எரிந்தன. கரடிக்கும் கோயில் விளக்குக்கும் உள்ள உறவு ஒன்றும் நேற்று ஏற்பட்டதில்லை!

நம்மவர்களுக்கு இவ்வளவு தெரிந்திருக்க, ஐரோப்பியர்கள் இந்த விலங்கைப் பார்த்துத் திணறிப் போனார்கள். 1791-ல் ஜார்ஜ் ஷா என்ற ஆங்கிலேய விஞ்ஞானி, நீண்ட நகங்களையும் விசித்திரமான பல் வரிசையையும் பார்த்துவிட்டு, இது தென் அமெரிக்காவில் மரத்தில் தலைகீழாகத் தொங்குமே, 'ஸ்லாத்' என்ற சோம்பேறி விலங்கு, அதன் சொந்தக்காரன் என்று முடிவு கட்டிப் பெயரும் வைத்துவிட்டார். பிற்பாடுதான் அசல் கரடி என்று புரிந்தது. ஆனாலும், ஆங்கிலத்தில் இன்றுவரை அதன் பெயர் 'ஸ்லாத் பேர்'தான். மேல் வரிசையில் முன்பற்கள் இரண்டு இல்லாதது சோம்பேறித்தனத்துக்கான அடையாளம் அல்ல. அந்தச் சந்து வழியாகத்தான் கரடி கரையானை 'சர்'ரென்று உறிஞ்சுகிறது. அந்தச் சத்தம் நூறு மீட்டருக்கு அப்பாலும் கேட்கும். வாக்யூம் கிளீனர் மாதிரி!

இனி நீலகிரிக்கு வருவோம். 1819-ல் கோயமுத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் மலை ஏறினார். தோடர்களும் கோத்தர்களும் படகர்களும் வாழ்ந்த புல்வெளியும் சோலைக்காடும் அவர் கண்ணுக்கு இங்கிலாந்தாகத் தெரிந்தன. பங்களா வந்தது, ஏரி வந்தது. 1857-ல் லக்னோவில் இறந்த ஹென்றி லாரன்ஸின் நினைவாக 1858-ல் ஆரம்பித்த பள்ளிக்கூடம், கொஞ்ச காலத்தில் லவ்டேலுக்குக் குடிபோனது. ஆரம்பத்தில் அது பிரிட்டிஷ் சிப்பாய்களின் பிள்ளைகளுக்கான பள்ளி. 1908-ல் ரயில் ஊட்டி வரைக்கும் வந்து சேர்ந்தது. புல்வெளியில் சீகையும் கற்பூர மரமும் நட்டார்கள். சரிவுகளில் காட்டை வெட்டித் தேயிலை போட்டார்கள்.

துரைமார்களுக்கு வேட்டைப் பைத்தியம். கண்டபடி சுட்டதில் விலங்குகள் குறைந்து போக, அவர்களே பயந்துபோய் 1877-ல் ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். 1879-ல் நீலகிரிக்கென்றே ஒரு வேட்டைச் சட்டம் வந்தது. மானையும் வரையாட்டையும் இன்ன மாதங்களில் சுடக் கூடாது என்று கட்டுப்பாடு. காட்டின் மேல் பாசம் என்பதைவிட, அடுத்த வருடமும் சுடுவதற்கு மிச்சம் வேண்டுமே என்ற கவலை. கரடியின் கணக்கே வேறு. விலங்குகளால் இறந்தவர்கள் எத்தனை பேர் என்று சர்க்கார் வருடா வருடம் போட்ட அட்டவணையில் புலி, சிறுத்தை, ஓநாயோடு கரடிக்கும் ஒரு பத்தி இருந்தது. கொன்றால் சன்மானமும் உண்டு. நிலைமை மாறியது 1972-ல், வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகுதான். இன்று அந்தச் சட்டத்தின் முதல் பட்டியலில், புலிக்குச் சமமாகக் கரடி இருக்கிறது.

சட்டம் காப்பாற்றியது சரி. வீடு?

1964-ல் சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தம். இலங்கைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்த தமிழர்கள் கப்பல் ஏறி வந்தார்கள். அவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகவே 1968 முதல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டம் உருவானது. சின்ன விவசாயிகளும் உருளைக்கிழங்கை விட்டுத் தேயிலைக்கு மாறினார்கள். சரிவுகள் பூராவும் பச்சைக் கம்பளம். அப்புறம் 1990-களின் கடைசியில் பச்சைத் தேயிலை விலை அதலபாதாளத்துக்குப் போனது. பறிக்கிற கூலிகூடக் கட்டுப்படியாகாமல் பலர் தோட்டத்தை அப்படியே போட்டுவிட்டார்கள்.

கவாத்து செய்யாத தேயிலை மரமாக வளரும். அதற்குள் உண்ணிச்செடி புகுந்துகொள்ளும். அழகுக்காக வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த இந்த உண்ணிச்செடி, வேறு செடியை விடாமல் மூடிக்கொண்டு வளரக்கூடியது. பழம் மட்டும் கரடிக்கு ரொம்ப இஷ்டம். ஆக, ஊருக்குப் பக்கத்திலேயே மறைவான படுக்கை, தலைமாட்டில் பழம். பத்தடி தள்ளிப் போனால் வீட்டுக் கொல்லையில் பலாவோ பேரியோ, தெருமுனையில் மூடியில்லாத குப்பைத் தொட்டி, கோயிலில் எண்ணெய். கரையான் புற்றை மணிக்கணக்காகத் தோண்டிக் கிடைப்பதைவிட ஒரு டின் பாமாயில் எத்தனையோ மேல். கரடிக்குக் கணக்குத் தெரியாது, மூக்குக்குத் தெரியும்.

'போகட்டுமே, எண்ணெய்தானே?' என்று விட்டுவிட முடியாது. விஷயம் அங்கேதான் கனமாகிறது. கரடிக்குப் பார்வையும் காதும் மட்டு. தின்பதில் மும்முரமாக இருக்கும்போது நாம் பக்கத்தில் வரும் வரை தெரியாது. திடீரென்று பார்த்ததும் அது ஓடுவதில்லை, எழுந்து நின்று பாய்கிறது. புலியோடு ஒரே காட்டில் வாழ்ந்து பழகிய பிராணிக்கு அதுதான் தற்காப்பு. குட்டியை முதுகில் சுமந்து வரும் தாய் என்றால் கேட்கவே வேண்டாம். அடி விழுவது பெரும்பாலும் முகத்தில், தலையில். பிழைத்தவர்களுக்கும் கண் போகும், தாடை போகும். பசிக்காக மனிதனைத் தின்பதற்கு அது வருவதில்லை என்பது, அடிபட்டவருக்கு என்ன ஆறுதல்?

யார் அடிபடுகிறார்கள் என்று பாருங்கள். காரில் வந்து காட்டேஜில் தங்குகிறவர் இல்லை. விடிகாலையில் கொழுந்து பறிக்கப் போகிற பெண். லைன் வீட்டிலிருந்து இருட்டில் கழிப்பறைக்குப் போகிற பாட்டி. டியூஷன் முடிந்து தெருவிளக்கு இல்லாத ஒற்றையடிப் பாதையில் வருகிற பையன். இவர்கள் கரடியிடம் மாட்டுவது விதியால் மட்டுமல்ல. விளக்கும் கழிப்பறையும் பாதையும் இல்லாததாலும்தான்.

ஊரில் உடனே எழும் கோரிக்கை 'கூண்டு வையுங்க' என்பதுதான். அதில் தப்பில்லை, பயம் அப்படி. கூண்டில் தேனும் பழமும் வைத்துப் பிடித்துத் தூரக் காட்டில் விடுவார்கள். ஆனால், எண்ணெய் வாசனை அப்படியே இருந்தால் அந்தக் கரடி திரும்பி வரும். அல்லது அதன் இடத்துக்கு இன்னொன்று வரும்.

இதை அமெரிக்கா பெரிய விலை கொடுத்துக் கற்றது. அங்கே யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா. ஹோட்டல் குப்பையை ஓரிடத்தில் கொட்டுவார்கள். கரடிகள் வந்து தின்பதை டூரிஸ்டுகள் பெஞ்சு போட்டு உட்கார்ந்து, சர்க்கஸ் மாதிரி ரசிப்பார்கள். ரோட்டோரம் காரை நிறுத்திக் கறுப்புக் கரடிக்கு பிஸ்கட் கொடுப்பார்கள். விளைவு? 1931 முதல் 1969 வரை வருடத்துக்குச் சராசரியாக 48 பேருக்குக் கரடியால் காயம். 1970-ல் விழித்துக்கொண்டார்கள். குப்பைமேடுகளை மூடினார்கள். கரடி திறக்க முடியாத தொட்டிகள் வைத்தார்கள். தீனி போட்டால் தண்டனை என்று கண்டிப்பு காட்டினார்கள். குப்பைக்குப் பழகிவிட்ட கரடிகள் கூடாரங்களைத் தேடி வந்து, பல கொல்லப்பட்டன. பழுப்புக் கரடிகளை 1975-ல் ஆபத்திலுள்ள இனமாக அறிவிக்க வேண்டியதாயிற்று. ஆனால், அடுத்த தலைமுறைக் கரடிகளுக்குக் குப்பை ருசியே தெரியாமல் போனது. காயம்படுகிறவர் எண்ணிக்கை வருடத்துக்கு ஒருவர் என்ற அளவுக்கு இறங்கியது. துப்பாக்கியும் கூண்டும் பல வருடம் செய்ய முடியாததைக் குப்பைத் தொட்டியின் மூடி செய்தது.

நீலகிரி, யெல்லோஸ்டோன் இல்லைதான். அங்கே பூங்காவுக்குள் ஆள் போகிறான். இங்கே ஆளும் கரடியும் ஒரே தெரு. இருந்தாலும் பாடம் ஒன்றுதான்.

பூஜை முடிந்ததும் மிச்ச எண்ணெயை எடுத்து வைக்கலாம். சத்துணவுக் கூடத்துக்கு இரும்புக் கதவு போடலாம். பழுத்த பழத்தை மரத்திலேயே விடாமல் இறக்கலாம். வீட்டையொட்டி இருக்கிற புதரை வெட்டலாம். இருட்டில் போக வேண்டி வந்தால் டார்ச்சோடு, துணையோடு, சத்தமாகப் பேசிக்கொண்டு போகலாம். ஆள் வருவது முன்பே தெரிந்தால் கரடி பெரும்பாலும் விலகிவிடும். எதிரே பார்த்துவிட்டால் கல் எறியாமல், முதுகைக் காட்டி ஓடாமல், மெதுவாகப் பின்வாங்க வேண்டும். மேலே பாய்ந்துவிட்டால் குப்புறப் படுத்துக் கழுத்தையும் தலையையும் கையால் மூடிக்கொள்ள வேண்டும்.

இவையெல்லாம் ஜனங்கள் செய்ய வேண்டியவை. மூடியுள்ள குப்பைத் தொட்டி, தெருவிளக்கு, லைன் வீட்டுக்குள்ளேயே கழிப்பறை, கைவிட்ட தோட்டத்தில் புதர் அகற்றுவது... இவை பஞ்சாயத்தும் எஸ்டேட்டும் அரசாங்கமும் செய்ய வேண்டியவை. வனத்துறையிடம் கூண்டு கேட்டு மனு எழுதும்போது, இந்த நான்கையும் சேர்த்து எழுதுங்கள். கூண்டு ஒரு கரடிக்குத்தான் ஆகும்.