கூப்பன் அரிசியும் வளவுக் கிழங்கும்

தேங்காய்க்கும் மீனுக்கும் குறைவில்லாத ஒரு கரையோரத்திலே சோற்றுக்குத் தட்டுப்பாடு வந்த விபரீதத்தை விளங்கிக்கொள்ள வேண்டுமானால், அக்காலத்து ஜீவன முறையை முதலில் அறிதல் வேண்டும். சிலாபத்துக்கும் புத்தளத்துக்கும் இடையே, வாவியும் ஒல்லாந்தர் கால்வாயும் தென்னந்தோட்டங்களும் சூழ அமைந்த முந்தல் பிரதேசத்தில், கொப்பறா விற்ற காசிலே அரிசி வாங்குவது வழக்கமாயிருந்தது. அந்த அரிசியோ, 1926இல் புத்தளம் வரை நீண்ட ரயில் பாதையிலே ஏறுமுன், பெரும்பாலும் கடல் கடந்து வந்ததாகும். இலங்கை முழுவதுமே தன் அரிசியில் பாதிக்கு மேல் அந்நிய தேசங்களை, விசேஷமாகப் பர்மாவை, நம்பியிருந்தது.

இரண்டாம் உலக யுத்தத்திலே, 1942 மார்ச் 8ஆம் தேதி, பர்மாவின் தலைநகர் ரங்கூன் ஜப்பானியர் வசமாயிற்று. ஏப்ரல் 5ஆம் தேதி கொழும்பிலும் 9ஆம் தேதி திருகோணமலையிலும் குண்டுகள் விழுந்தன. அரிசிக்குப் பங்கீட்டுக் கூப்பன் வந்தது. சங்கக்கடை வாசலிலே வரிசை நின்றது. விவசாய மந்திரி டி. எஸ். சேனநாயக்காவின் காலத்து உணவு உற்பத்திப் பிரசாரம், வெறும் நிலம் எதுவும் இருத்தலாகாது என்று வற்புறுத்தியது. இங்கிலாந்திலோ புல்வெளிகளும் பூங்காக்களும் அதற்கு முன்னரே காய்கறிப் பாத்திகளாகியிருந்தன.

ஆயினும் ஈரமான இங்கிலாந்து மண் வேறு, இக்கரையோர மணல் வேறு. ஊற்றிய நீரை நொடியில் உறிஞ்சிவிடும் இம்மணலிலே குழி தோண்டி, பொச்சுமட்டைகளை உட்புறம் மேல்நோக்க அடுக்கி, அதன்மேல் சாணமும் தழையும் சாம்பலும் இட்டாலன்றி ஒரு கத்தரிக்கன்றும் நிலைப்பதில்லை. கிணற்றிலும் மேலே நிற்பது மழை தந்த நன்னீர், அடியிலே இருப்பது உவர்நீர். பேராசையோடு இறைத்தால் உவர் மேலேறிப் பயிரைக் கருக்கிவிடும். ஆதலால் விடியலிலும் பொழுது சாயும் வேளையிலும் அளவறிந்து மொண்டு ஊற்றும் பொறுமைதான் இங்கே பிரதானமான உழைப்பு. அவ்வுழைப்பில் பெரும்பங்கு பெண்களுடையது என்பதை நம் சரித்திர நூல்கள் போதிய அளவு பேசாதது எனக்குப் பெருங்குறையாகவே படுகிறது.

இத்தகைய மண்ணுக்குத் தயை காட்டுபவை மரவள்ளியும் வற்றாளையும், வேலியிலே நிற்கும் முருங்கையுமே. சாண் நீளத் தடியை மண்மேட்டிலே சாய்த்து ஊன்றினால் போதும், மரவள்ளி பிழைத்துக்கொள்ளும். அதன் நச்சுத்தன்மை அறிந்த நம் பெண்கள், சட்டியை மூடாமல் அவித்து, நீரை வடித்து, இஞ்சி சேர்க்காமல், தேங்காய்ப்பூவோடும் மீன்குழம்போடும் பரிமாறுவர். ஏழையின் ஆகாரம் என்று இகழப்பட்ட கிழங்கு, யுத்தகாலத்திலே வசதி படைத்தோர் இலைக்கும் வந்தது. வளவிலே பறித்து வளவிலேயே உண்ணப்பட்டதால், அது எந்தத் தராசிலும் ஏறவில்லை, எந்தக் கணக்கிலும் முழுமையாகப் பதியவில்லை.

யுத்தம் 1945இல் முடிந்தும் கூப்பன் முடியவில்லை. 1953இல் ஒரு கொத்து அரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது, ஆகஸ்ட் 12ஆம் தேதி தீவெங்கும் ஹர்த்தால் மூண்டது. பிரதமர் டட்லி சேனநாயக்காவும் பதவி துறந்தார்.