ஈய ரவை சொன்ன எடை

1940களில் திருவண்ணாமலையில் ஒரு வெள்ளைக்காரச் சிறுவன் இருந்தான். ஆடம் ஆஸ்போர்ன் என்று பெயர். தந்தை ஆர்தர், பாங்காக்கில் ஆங்கிலம் கற்பித்தவர். போர்க்காலத்தில் ஜப்பானியரின் பிடியில் அங்கே சிறைப்பட்டிருந்தார். தாயோடு ரமண மகரிஷியின் ஊருக்கு வந்த ஆடம், அங்கேயே வளர்ந்தான். தமிழ் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. பதினோராவது வயதில் இங்கிலாந்துக்குப் போனான், பின்னாளில் வேதிப் பொறியாளராகி அமெரிக்காவில் குடியேறினான். தையல் மெஷின் பெட்டி போன்ற ஒரு கணினியால் அவன் பெயர் உலகம் முழுக்கப் பரவப்போகிறது என்று அப்போது யாருக்கும் தெரியாது.

அந்தப் பெட்டிக்கு முன்பே, 1968இல், யூட்டா பல்கலைக்கழகத்தில் ஆலன் கே என்ற மாணவர் அட்டையை வெட்டி ஒட்டி ஒரு பொம்மை செய்தார். கணினி என்றால் அறையை அடைத்து நிற்கும் பீரோக்கள் என்றிருந்த காலம் அது. கேயின் மனதில் இருந்ததோ குழந்தைகள் கையில் எடுத்துக்கொண்டு போகிற கணினி. என்ன எடை இருந்தால் அலுக்காமல் தூக்கலாம்? அதைக் கண்டுபிடிக்க அட்டைப் பொம்மைக்குள் ஈய ரவைகளைக் கொட்டினார். இரண்டு பவுண்டுக்குள், அதாவது சுமார் 900 கிராமுக்குள், இருக்க வேண்டும் என்று தெரிந்தது. பிற்பாடு ஜெராக்ஸ் ஆய்வகத்தில் அதற்கு 'டைனாபுக்' என்று பெயர் வைத்துக் கட்டுரையும் எழுதினார். ஆனால் அந்த அட்டைக்குள் வைக்கத் திரை இல்லை, சில்லு இல்லை, பேட்டரி இல்லை. ரவை மட்டும்தான் இருந்தது.

1981 ஏப்ரலில், சான் பிரான்சிஸ்கோ கணினிச் சந்தையில் நம் திருவண்ணாமலைச் சிறுவன் மீண்டும் வருகிறார், 42 வயது நிறுவன அதிபராக. மேஜையில் 'ஆஸ்போர்ன் 1'. லீ ஃபெல்சன்ஸ்டைன் வடிவமைத்தது. கைப்பிடியைப் பிடித்துத் தூக்கலாம், விமான இருக்கைக்கு அடியில் தள்ளலாம், விலை 1,795 டாலர். எழுதவும் கணக்குப் போடவும் மென்பொருள்கள் விலையிலேயே அடக்கம். திரை மட்டும் 5 அங்குலம், தபால் அட்டையைவிடச் சிறியது. உள்ளே பேட்டரி கிடையாது. எடை 11 கிலோ! ரயில் நிலையத்தின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு அதைத் தூக்கிப்போனவருக்குத் தோள்பட்டை இறங்கியிருக்கும். ஆனாலும் ஜனங்கள் வரிசையில் நின்று வாங்கினார்கள். ஒரு கட்டத்தில் மாதம் 10,000 பெட்டிகள் விற்றன. அப்போதுதான் ஆஸ்போர்ன் வாயைத் திறந்தார்.

அடுத்த மாடல் இதைவிடப் பிரமாதமாக இருக்கும் என்று, அது தயாராகும் முன்பே சொல்லிவிட்டார். புதிது வரும்போது பழையதை யார் வாங்குவார்கள்? கடைக்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டார்கள். பெரிய திரையோடு போட்டியாளர்களும் வந்து சேர்ந்தார்கள். 1983 செப்டம்பரில் நிறுவனம் திவால். வருவதை முன்கூட்டிச் சொல்லி இருப்பதைக் கெடுத்துக்கொள்வதற்கு 'ஆஸ்போர்ன் விளைவு' என்றே வணிகப் பாடங்களில் பெயர் நிலைத்துவிட்டது. பெட்டி செத்தது. ஆனால் கணினியைக் கையில் எடுத்துக்கொண்டு போகலாம் என்ற ஆசை பிழைத்துக்கொண்டது.

அந்த ஆசைக்குக் கீல் வைத்தவர் பில் மாக்ரிட்ஜ். 1982இல் வந்த 'கிரிட் காம்பஸ்' இயந்திரத்தில், திரையைக் கீபோர்டின் மேல் சிப்பி போல மடிய வைத்தார். மக்னீசியத்தால் ஆன உடல், 5 கிலோ எடை, 8,150 டாலர் விலை. விண்வெளி ஓடத்திலேயே பறந்தது. சாமானியன் கைக்கு எட்டவில்லை. 1985இல் தோஷிபாவின் டி1100 நாலு கிலோவுக்கு இறங்கியது. இதற்குத் தலைமையகம் பச்சைக்கொடி காட்டாதபோது ஒரு பொறியாளர் குழு மறைவாகவே வேலையை நடத்தியது என்பது ஜப்பானிய நிர்வாகக் கதைகளில் ருசியான ஒன்று. அதற்கு மேலும் மெலிவது சுலபமாக இல்லை. குறுக்கே நின்றது பேட்டரி.

இந்தக் கதையின் நிஜக் கதாநாயகன் மேடையேறிய எவரும் அல்ல, பேட்டரிதான் என்பேன். 1991இல் சோனி, வீடியோ கேமராக்களுக்காக லித்தியம் அயான் பேட்டரியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதே எடையில் பழைய பேட்டரிகளைவிட மிக அதிகச் சக்தி. ஆனால் மடிக்கணினிகளில் பரவலாகப் புகுந்த லித்தியம் செல், கட்டைவிரல் பருமனில் ஓர் உருளை. விட்டம் 18 மில்லிமீட்டர். பேட்டரியே 18 மில்லிமீட்டர் என்றால், அதைச் சுமக்கும் இயந்திரம் அதைவிட ஒல்லியாக எப்படி ஆகும்?

செல்லைத் தட்டையாக்கினால் ஆகும். 1998இல் மிட்சுபிஷி 'பெடியன்' என்ற மடிக்கணினியை இறக்கியது. மொத்தக் கனமே 18 மில்லிமீட்டர் சொச்சம். எடை ஒன்றரைக் கிலோ கூட இல்லை. பத்து வருஷம் முந்திப் பிறந்த குழந்தை அது. விலை 6,000 டாலர் வரை போனது, உள்ளே கோளாறு மேல் கோளாறு, சீக்கிரமே கடையைக் கட்டியது. இன்று அதன் பெயர் தெரிந்தவர்கள் அரிது. எனக்கு அதில் உண்மையான வருத்தம் உண்டு. சோனியின் எக்ஸ்505 இன்னும் துணிந்தது: கார்பன் இழை உடல், எடை 800 கிராமைச் சுற்றி. கேயின் ரவைக் கணக்கு பலித்துவிட்டது, ஆனால் பெரும் பணக்காரர்களுக்கு மட்டும். அந்த இயந்திரம் உருவாகிக்கொண்டிருந்த 2003 மார்ச்சில், கொடைக்கானலில் ஆடம் ஆஸ்போர்ன் கண் மூடினார். உடல் நலம் குன்றி, வளர்ந்த மண்ணுக்கே திரும்பி வந்திருந்தார். ஐந்து வருஷம் கழித்து அதே சான் பிரான்சிஸ்கோவில் நடந்ததை அவர் பார்க்கவில்லை.

2008 ஜனவரி 15. ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையில் ஒரு பழுப்புக் காகித உறையை எடுத்தார். அலுவலகங்களில் கடுதாசி சுற்றுக்குப் போகுமே, அந்த மாதிரி உறை. நூல் சுற்றிய வாயைப் பிரித்து உள்ளிருந்து ஒரு கணினியை உருவினார். மேக்புக் ஏர்! விளிம்பில் 4 மில்லிமீட்டர், தடித்த இடத்தில் 19.4. எடை 1.36 கிலோ. இதற்காகவே இன்டெல் தன் சில்லின் உறையை அறுபது சதவீதம் சுருக்கித் தந்திருந்தது. இன்று தோள் பைகளில் தொங்கும் ஒல்லி மடிக்கணினிகள் எல்லாவற்றுக்கும் அதுவே அச்சு. கைதட்டல் ஓய்ந்தபின்தான், உறைக்குள் நுழைவதற்காக எவையெல்லாம் வெளியே விடப்பட்டன என்று எண்ணத் தொடங்கினார்கள்.

சிடி டிரைவ் இல்லை. நெட்வொர்க் கேபிளுக்குத் துளை இல்லை. யுஎஸ்பி ஒன்றே ஒன்று. இசைக் கருவிகளில் ஓடிய 1.8 அங்குலக் குட்டி ஹார்ட் டிஸ்க்தான் உள்ளே, நத்தை வேகம். வேகமான ஃப்ளாஷ் சேமிப்பும் வேகமான பிராசசரும் வேண்டுமென்றால் விலை 1,799 டாலரிலிருந்து 3,098க்குத் தாவியது. வீடியோ ஓடிச் சூடேறினால் பிராசசரின் இரண்டு கோர்களில் ஒன்று படுத்துவிடுகிறது என்று புகார்கள் வந்தன. இவற்றைவிட முக்கியம் கண்ணுக்குத் தெரியாத இரண்டு: பேட்டரியை வாங்கியவர் தாமே கழற்ற முடியாது, 2 ஜிபி ரேம் மதர்போர்டோடு சேர்த்து சாலிடர் செய்யப்பட்டிருந்தது. மெலிவே விபரீதமும் ஆனது. டிரைவும் துளைகளும் இல்லாத வஸ்து என்னவென்று புரியாமல் விமான நிலையச் சோதனையாளர்கள் திருப்பித் திருப்பிப் பார்த்ததில் ஒரு பயணி விமானத்தையே தவறவிட்டார். நியூஸ்வீக் பத்திரிகையாளர் ஸ்டீவன் லெவிக்கு நேர்ந்தது இன்னும் மோசம். மதிப்பீட்டுக்காக வந்த இயந்திரத்தை வீட்டில் காணோம். பழைய செய்தித்தாள் கட்டோடு குப்பைக்குப் போயிருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். விற்பனைக்கு வந்து சில வாரங்களிலேயே இந்தக் கதி.

2010 அக்டோபரில் மேக்புக் ஏர் மறுபிறவி எடுத்தது. சுழலும் டிஸ்க் போய் ஃப்ளாஷ் மட்டும், ஆரம்ப விலை 999 டாலர். இப்போது ஓடியது. மறு வருஷம் தைபே கண்காட்சியில் இன்டெல் 'அல்ட்ராபுக்' என்று பெயர் சூட்டி மற்ற நிறுவனங்களையும் அதே பாதையில் இறக்கியது. ஒல்லி என்பது போட்டியாகிவிட்டது. போட்டி எல்லை மீறும் இடம் 2015.

அந்த வருஷம் வந்த 12 அங்குல மேக்புக்கின் எடை 920 கிராம். ஆலன் கேயின் இரண்டு பவுண்டு, கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு கழித்து, ஏறக்குறைய அப்படியே! விசிறி இல்லை. ஹெட்ஃபோன் துளையைத் தவிர, சார்ஜ் ஏற்றவும் மற்ற எல்லாவற்றுக்கும் ஒரே துளை. பேட்டரி கோந்தால் ஒட்டப்பட்டது. மில்லிமீட்டரைக் குறைக்க, கீபோர்டுக்குப் பட்டாம்பூச்சிச் சிறகு போன்ற புது அமைப்பு. விசை இறங்கும் ஆழம் அரை மில்லிமீட்டர். அந்த இடுக்கில் ஒரு தூசி விழுந்தது. விசை எழுந்திருக்க மறுத்தது, அல்லது ஓர் எழுத்து அழுத்தினால் இரண்டாக வந்தது. கணினியை 75 டிகிரி சாய்த்துப் பிடித்துக் காற்றை அடிக்கும்படி ஆப்பிள் நிறுவனமே வழி சொன்னது. அந்த வகைக் கீபோர்டுகளுக்கு 2018இல் இலவசப் பழுது நீக்கம் அறிவித்தது, 2019இலிருந்து பழைய அமைப்புக்கே திரும்பியது. வாங்கியவர்கள் தொடுத்த வழக்கு 2022இல் 5 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது.

இத்தனைக்கும் பிறகு, ஒல்லி மடிக்கணினி என் கணக்கில் வெற்றிதான். தினம் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகும் தோளுக்கு ஒரு கிலோ குறைவது சின்ன விஷயமல்ல. கொடுத்த விலைதான் கடையில் தெரிவதில்லை. மேஜையை விட்டு நகராத வேலைக்கும், மணிக்கணக்கில் வீடியோ தொகுக்கும் வேலைக்கும் தடித்த உடலும் பெரிய விசிறியுமே பொருத்தம். ஒல்லியில் பல மாடல்களின் ரேம் இன்றும் சாலிடரில்தான் இருக்கிறது. அவற்றில் 8 ஜிபி என்று வாங்கியது கடைசி நாள் வரை 8 ஜிபிதான்.