நீரோவின் நினைவும் பிளேவிய மரபும்

ரோமப் பேரரசர் நீரோ கி.பி. 68 ஜூன் மாதம் தன்னுயிரை மாய்த்துக்கொள்ளும் முன்பே, உயர்குடியினர் அவையான செனட் அவரை நாட்டின் பகைவர் என அறிவித்திருந்தது. ஆயினும் அவரை எவ்வாறு நினைவுகூர்வது என்பதில் அடுத்து ஆண்டவர்கள் ஒரே நெறியைப் பின்பற்றவில்லை. 69ஆம் ஆண்டில் மூன்று மாதமே ஆண்ட ஓத்தோ, எளிய மக்களிடம் நீரோவுக்கு இருந்த செல்வாக்கைத் தம்பால் திருப்ப எண்ணி, அகற்றப்பட்ட அவரது சிலைகளை மீண்டும் நிறுத்த இசைந்தார். ஓத்தோவை வீழ்த்திய விட்டெல்லியஸ், நீரோவின் ஆவிக்கு வெளிப்படையாகவே பலியிட்டார்.

நீரோவைக் கொடுங்கோலராகக் காட்டுவதை அரசின் கொள்கையாக்கியவர்கள், பிளேவிய மரபினர் எனப்படும் வெஸ்பாசியனும் அவர் மைந்தர்களுமே ஆவர். முதல் பேரரசர் அகஸ்டஸின் குடும்பத்தோடு உறவற்ற வெஸ்பாசியனுக்கு அதிகாரம் வழங்கிய சட்டத்தின் எஞ்சியுள்ள வெண்கலப் பலகை, முன்னுதாரணமாக அகஸ்டஸ், டைபீரியஸ், கிளாடியஸ் ஆகிய முன்னைய பேரரசர் மூவரையே சுட்டி, காலிகுலாவையும் நீரோவையும் பெயர் சொல்லாமல் கடக்கிறது. 64ஆம் ஆண்டுப் பெருந்தீக்குப் பின் நகர நடுவில் நீரோ எழுப்பிய பொன் மாளிகையின் செயற்கை ஏரி இருந்த இடத்தில், கொலோசியம் எனப் பிற்காலத்தில் பெயர்பெற்ற நீள்வட்ட அரங்கம் கட்டப்பட்டது. 80இல் வெஸ்பாசியனின் மகன் டைட்டஸ் அதைத் திறந்துவைத்தபோது, ஒருவரின் இன்பத்துக்குரியதாயிருந்த நிலம் மக்களுக்கே மீண்டது என்னும் கருத்தைக் கவிஞர் மார்ஷியல் பாடினார். மக்களுக்கான இக்கொடைக்கு எருசலேமைச் சூறையாடிப் பெற்ற செல்வம் பயன்பட்டது என்பதையும் சேர்த்தே நோக்க வேண்டும்.

சிற்பங்களில் இம்மாற்றத்தை நேரடியாகக் காணலாம். நீரோவின் பளிங்குத் தலைகள் பல உடைக்கப்படாமல், நெற்றிமேல் அலையலையாக வாரிய முடி செதுக்கி நீக்கப்பட்டு, கன்னங்கள் ஒடுக்கப்பட்டு, சுருக்கங்கள் கீறப்பட்டு, வழுக்கைத் தலை வெஸ்பாசியனாயின. கல்லைக் குறைக்கலாமேயன்றிக் கூட்ட இயலாதாகையால், சிலவற்றில் காதுக்குப் பின்னும் பிடரியிலும் நீரோவின் முடிக்கற்றைகள் தங்கிவிட்டன. நீரோவுக்காகச் சிற்பி செனோடோரஸ் வார்த்த, ஏறத்தாழ 30 மீட்டர் உயர வெண்கலப் பெருஞ்சிலை கதிரவக் கடவுளுக்கு உரியதாக்கப்பட்டது. பின்னாளில் பேரரசர் ஹாட்ரியன் அதை 24 யானைகளைக் கொண்டு இடம்பெயர்த்தார்.

கிழக்கு மாகாணங்களில் நீரோவின் நினைவை மாற்றும் இம்முயற்சி முழு வெற்றி பெறவில்லை. நீரோ 67இல் கிரேக்கர்களுக்கு அளித்த வரிவிலக்கை வெஸ்பாசியன் திரும்பப் பெற்றார். அவ்விலக்கை அறிவித்த உரையைத் தாங்கிய அக்ரைஃபியா கல்வெட்டில் நீரோவின் பெயர் கொத்தி அழிக்கப்பட்டாலும் உரை அப்படியே விடப்பட்டது. நீரோ உயிரோடிருப்பதாக நம்பியோர் பலர் இருந்தமையால், தம்மை நீரோவென்று கூறிக்கொண்ட போலிகள் அடுத்தடுத்துத் தோன்றினர். டைட்டஸ் காலத்தில் அவ்வாறு எழுந்த டெரன்டியஸ் மாக்சிமஸ், ரோமின் பகையரசான பார்த்தியாவில் அடைக்கலமும் ஆதரவும் பெற்றார்.