ரெண்டாயிரம் ரூபாயும் பட்டாவில் இல்லாத பெயரும்

ஏப்ரல் 2020. ஊரடங்கு தொடங்கிப் பத்து நாள் இருக்கும். நான் அப்போது பீகாரில் ஒரு கிராமக் கிளையில் மேனேஜர். ஜன்தன் கணக்கு வைத்திருந்த பெண்களுக்கு மாதம் 500 ரூபாய் வர ஆரம்பித்திருந்தது. கூட்டம் சேராமல் இருக்க, கணக்கு எண்ணின் கடைசி இலக்கத்தை வைத்து நாள் பிரித்திருந்தார்கள். 0, 1 என்றால் 3ஆம் தேதி. 2, 3 என்றால் 4ஆம் தேதி. வாசலில் சுண்ணாம்பு வட்டம் போட்டோம். யாரும் அதில் நிற்கவில்லை என்பது வேறு கதை.

அந்தக் கூட்டத்தில் ஒரு பெரியவர் பாஸ்புக்கை நீட்டினார். "சாஹேப், கிசான் பைசா வந்துதா?" வரவில்லை. "உங்க பேர்ல நிலம் இருக்கா?" என்று கேட்டேன். நிலம் மாலிக்குடையது, இவர் பட்டாயில் உழுகிறார். பட்டாயி என்றால் நம்மூர் வாரம்தான், விளைச்சலில் பங்கு. மாலிக் இருப்பது பாட்னாவில்.

அவர் கேட்டது பிரதமர் கிசான் திட்டப் பணம். 2019 பிப்ரவரியில் தொடங்கியது. வருஷத்துக்கு 6,000 ரூபாய், மூன்று தவணை. 2020 மார்ச் 26 அன்று நிதியமைச்சர் அறிவித்த கொரோனா நிவாரணத்தில், 8.7 கோடி விவசாயிகளுக்கு ஏப்ரல் முதல் வாரமே 2,000 ரூபாய் என்று சொன்னார்கள். புதுப் பணம் இல்லை. அந்த வருஷத்துத் தவணையையே முன்கூட்டித் தந்தார்கள். அதுவும் நிலப் பதிவேட்டில் பெயர் இருப்பவருக்கு மட்டும். உழுகிறவர் யார் என்ற கேள்வியே படிவத்தில் கிடையாது.

சரி, பெரியவர் பெயர் ஏன் எந்தக் காகிதத்திலும் இல்லை? அது கொரோனாவை விடப் பழைய வியாதி. 1885ஆம் வருஷத்துக் குத்தகைச் சட்டத்தில் பிறகு சேர்த்த ஒரு பிரிவின்படி, பீகாரில் ஒரே நிலத்தை 12 வருஷம் தொடர்ந்து உழுதால் அவருக்கு அனுபவ உரிமை வந்துவிடும். உழவரைக் காக்க வந்த சட்டம். நடந்தது என்ன? நிலக்காரர் எழுத்தில் எதுவும் தரமாட்டார், ஆளையும் மாற்றிக்கொண்டே இருப்பார்.

பக்கத்து வங்காளத்தில் 1978ல் ஆபரேஷன் பர்கா நடந்தது. அதிகாரிகள் கிராமத்துக்கே போய் வாரதாரர் பெயரைப் பதிந்தார்கள். பதினான்கு லட்சம் பேர் வரை பதிவானார்கள். அதை முன்னின்று நடத்திய அதிகாரி தேபப்ரத பந்தோபாத்யாய். அவரையே 2006ல் பீகார் அரசு நிலச் சீர்திருத்தக் கமிஷனுக்குத் தலைவராகப் போட்டது. வாரதாரரைப் பதிய ஒரு சட்டம் வேண்டும் என்று 2008ல் அறிக்கை கொடுத்தார். நிலக்காரர்கள் எதிர்ப்பில் அறிக்கை அலமாரிக்குப் போனது. அன்று பதிந்திருந்தால் 2020ல் பெரியவர் காட்ட ஒரு காகிதமாவது இருந்திருக்கும்.

பீகாரைச் சொல்லிவிட்டு நம் வீட்டை விடலாமா? தஞ்சைப் பக்கம் எங்கள் இரண்டு ஏக்கரை ஒரு அண்ணன்தான் பல வருஷமாகக் குத்தகைக்குப் பார்க்கிறார். பட்டா அம்மா பேரில். அதே வாரம் அம்மா போன் செய்தாள். "தம்பி, பேங்க்ல ரெண்டாயிரம் ஏறியிருக்குடா. வெயில்ல நின்னது அவன். அவன்கிட்ட குடுத்துடட்டுமா?" குடுத்துடும்மா என்றேன். உளுந்தை விற்க வழியில்லாமல் இருந்தவர், கை நீட்டி வாங்கிக்கொண்டாராம். அவருக்கு உரிமையாக வரவேண்டிய பணம், எங்கள் தயவாகப் போய்ச் சேர்ந்தது.

தமிழ்நாட்டில் குத்தகைதாரர் உரிமையைப் பதிய 1969லேயே சட்டம் இருக்கிறது. அதன்படி அண்ணன் பெயரைப் பதியலாமே என்று அம்மாவிடம் சொல்ல நினைத்தேன். "நாளைக்கு நிலம் கைவிட்டுப் போச்சுன்னா?" என்று உள்ளே ஒரு குரல். இன்றுவரை சொல்லவில்லை. அந்தப் பாட்னா மாலிக்கும் இதைத்தானே நினைத்திருப்பார்?

ஊரில் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு வெளிமாநிலத்தில் இருப்பவர்கள் நம்மில் நிறையப் பேர். உங்கள் நிலத்தை உழுகிறவர் பெயர் ஏதாவது காகிதத்தில் இருக்கிறதா? ஒருமுறை கேட்டுப் பாருங்களேன். நானும் அம்மாவிடம் பேச வேண்டும்.