காலுறைக் கத்தி: வெள்ளிப் பட்டறையும் கொல்லன் உலையும்

ஸ்காட்லாந்தில் கல்யாண மாப்பிள்ளை கில்ட் என்னும் மடிப்புப் பாவாடை உடுத்தி நிற்கும்போது வலது காலுறையின் விளிம்பில் ஒரு சிறிய கைப்பிடி மட்டும் தலைகாட்டும். அதுதான் ஸ்கியன் டூ. உள்ளே மூன்று நான்கு அங்குல அலகு இருக்கும். இதை இன்று இரண்டு விதமாகச் செய்கிறார்கள். கறுப்புக் கைப்பிடியில் வெள்ளிப் பூண், திசில் பூ வேலைப்பாடு, உச்சியில் மஞ்சள் கல் என்று அமைவது ஒன்று. தனிப் பட்டறைக் கொல்லர்கள் அடுக்கு எஃகும் உள்ளூர் மரமும் கொண்டு செய்வது இன்னொன்று. முதலாவதை மரபு என்பார்கள். இரண்டாவதை மரபின் நவீன வடிவம் என்பார்கள். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் இந்தப் பெயர்கள் இடம் மாறிவிட்டதாகவே எனக்குத் தோன்றுகிறது.

மரபு என்று எதைச் சொல்கிறோம்? ஹைலாந்து மலைக்காரர்களின் பழைய ஆயுதம் இடுப்பில் தொங்கிய டிர்க் என்னும் நீண்ட குத்துவாள். அரசுக்கு எதிரான 1745ஆம் ஆண்டுக் கிளர்ச்சி தோற்றபின் 1746இல் வந்த சட்டம் அவர்களுடைய ஆயுதத்தையும் உடையையும் சேர்த்தே தடைசெய்தது. உடைக்கான தடை 1782இல்தான் நீங்கியது. காலுறையில் செருகிய சிறு கத்தி, 1812 வாக்கில் ஹென்றி ரேபர்ன் தீட்டிய, கிளென்கேரி குலத்தலைவர் மக்டானெலின் ஓவியத்தில் தெரிகிறது. அதற்கு முந்திய ஓவியச் சான்று அரிது. 1822இல் நான்காம் ஜார்ஜ் எடின்பரோவுக்கு வந்தபோது எழுத்தாளர் வால்டர் ஸ்காட் நடத்திய வரவேற்பில் அரசரே டார்ட்டன் என்னும் கட்டம்போட்ட துணி அணிந்தார். அதன்பின் ஹைலாந்து உடை கனவான்களின் விழாக்கோலம் ஆனது. கத்தியும் அந்தக் கோலத்துக்கு ஏற்ப நகைக்கடைப் பக்கம் போனது. ஆக, நாம் மரபு என்று கும்பிடும் வெள்ளிக் கத்தியே பத்தொன்பதாம் நூற்றாண்டு செய்த ஒரு மறுவிளக்கம்தான்.

வித்தியாசம் கைப்பிடியில்தான் பளிச்சென்று தெரியும். பதினெட்டாம் நூற்றாண்டு டிர்க்கின் பிடி ஒற்றை மரத்துண்டில் கடைந்தது. உச்சியில் தட்டையான வட்டம், அதன்மேல் பித்தளைத் தகடு; கீழே அலகு தொடங்கும் இடத்தில் இரண்டு பக்கமும் தோள்போல் புடைத்திருக்கும். நடுவில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இறங்கும் பின்னல் கோலம். நூலைத் தொடர்ந்துகொண்டே போனால் முடிவு கிடைக்காது. அது வெறும் அழகுக்கு மட்டும் இல்லை. வியர்த்த கையிலும் மழையிலும் பிடி வழுக்காமல் இருக்க அந்த மேடு பள்ளங்கள் உதவின. சில பிடிகளில் பின்னல் வெட்டிக்கொள்ளும் இடங்களில் சிறு பித்தளை ஆணிகள் அடித்திருப்பார்கள்.

விக்டோரியா காலத்தில் அந்தப் பின்னல் கூடைமுடைவதுபோன்ற சீரான கட்டங்களாகச் சுருங்கியது. ஆணிகள் ஒரே ஒழுங்கில் மினுங்கும் வெள்ளிப் பொட்டுகள் ஆயின. உச்சித் தட்டு சாய்ந்து, அதில் கெய்ர்ன்கார்ம் மலையின் புகைநிறப் படிகமோ, அதைப்போல் தோன்றும் நிறக் கண்ணாடியோ உட்கார்ந்தது. காலுறைக் கத்தியில் இது இன்னும் ஒருபடி போனது. பலவற்றில் செதுக்கு வேலை வெளியே தெரியும் முகத்தில் மட்டும் இருக்கும். காலோடு ஒட்டும் முகம் மொட்டையாக விடப்பட்டிருக்கும். உறையிலிருந்து யாரும் உருவப்போவதில்லை என்று முடிவுகட்டியபின் செய்த பொருள் அது. வெள்ளி வேலை மட்டமானது என்று சொல்லவில்லை. எடின்பரோ முத்திரை பெற்ற நல்ல பூண்களில் உளிப்பிடிப்பு அபாரம். ஆனால் அது தட்டார் வேலை. கத்திக்கு வந்த வேலை அல்ல.

இன்றைய கொல்லர் உறைக்குள் இருப்பதிலிருந்து தொடங்குகிறார். கரிமம் மிகுந்த எஃகையும் நிக்கல் கலந்த எஃகையும் மாற்றி மாற்றி அடுக்கி, உலையில் வெண்சூடாக்கி, சம்மட்டியால் ஒட்டவைக்கிறார். ஏழு அடுக்கில் தொடங்கி ஐந்து முறை மடித்தால் 224 அடுக்கு. எண்ணெயில் தோய்ச்சல் கொடுத்து, மெருகேற்றி, கடைசியில் அமிலம்போல் அரிக்கும் இரும்புக் குளோரைடில் மூழ்கவிடும்போது கரிம எஃகு கறுக்கும், நிக்கல் எஃகு வெளுப்பாகவே நிற்கும். ஓடைநீர்போல் வரிகள் எழும். பிடிக்குச் சதுப்பில் பல்லாயிரம் ஆண்டு புதைந்து கறுத்த ஓக், ஆண்டுதோறும் மான் உதிர்க்கும் கொம்பு, பழைய விஸ்கிப் பீப்பாயின் பலகை. சதுப்பு ஓக் பழைய டிர்க்குகளிலும் உண்டு என்பதைக் கவனிக்க வேண்டும். நடுவில் வழக்கமாகிப்போன ஆப்பிரிக்கக் கருமரத்துக்கு 2017 முதல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாடு. யானைத் தந்தத்துக்குப் பிரிட்டனில் 2018ஆம் ஆண்டுச் சட்டம் வந்துவிட்டது. ஊர் மரத்துக்குத் திரும்பியதில் ஆசை பாதி, நெருக்கடி பாதி.

இதற்காகப் புதுக் கத்தி எல்லாவற்றையும் தலையில் தூக்கிவைத்து ஆட முடியாது. அடுக்கு எஃகு, பல நிறப் பிசின் ஏற்றிய மரம், பூப்பூவாக மின்னும் ஆணி என்று சில பட்டறைகளிலிருந்து வருவதைப் பார்த்தால் டெக்ஸாசில் செய்த வேட்டைக் கத்திக்குக் காலுறை போட்டதுபோல் இருக்கிறது. பின்னலையும் கல்லையும் கழற்றியெறிவது சுலபம். பழைய பிடி கையை எப்படித் தாங்கியது என்று புரிந்துகொண்டு அதைச் சிறு கத்திக்குள் கொண்டுவருவதுதான் கடினம். செதுக்கே இல்லாமல் தோள்களை மட்டும் மெல்லப் புடைக்கவிட்டு, அலகின் முதுகில் அரத்தால் வளைவு வளைவாக வெட்டி முடிக்கும் கைகளும் உண்டு. என் ஓட்டு அவர்களுக்கு.

இந்தக் கத்தியைப் பொது இடத்தில் அணிய ஸ்காட்லாந்தின் 1995ஆம் ஆண்டுக் குற்றவியல் சட்டமே இடம் கொடுக்கிறது: தேசிய உடையின் பகுதி என்பது சட்டப்படி செல்லும் காரணம். அதே பிரிவில் மதக் காரணமும் உள்ளதால் சீக்கியரின் கிர்பானும் அதன் கீழ் வருகிறது. இருந்தும் சோதனை கெடுபிடியான இடங்களுக்காக, அலகே இல்லாமல் பிடியும் பிளாஸ்டிக் உறையும் ஒட்டிய பொம்மைக் கத்தி விற்கிறது. வெள்ளிப் பட்டறை போன பாதை போய்ச் சேரும் இடம் அதுதான். காலுறைக்கு மேலே பார்த்தால் வெள்ளிக் கத்திக்கும் பொம்மைக்கும் வித்தியாசம் தெரியாது.

அலகுக்கு மிச்சமிருக்கும் உண்மையான வேலை ஜனவரி 25, கவிஞர் பர்ன்ஸ் நினைவாக நடக்கும் பர்ன்ஸ் இரவு விருந்தில் வருகிறது. ஆட்டு இரைப்பையில் திணித்துச் சமைக்கும் ஹேகிஸைக் கத்தியால் கீறித் திறக்க வேண்டும். கொழுப்பும் உப்பும் பட்ட கரிம எஃகை உடனே துடைத்து எண்ணெய் பூசாவிட்டால் கறை ஏறிவிடும். ஆகவே சில கொல்லர்கள் ஸ்வீடனின் சோடர்ஃபோர்ஸில் தூள்முறையில் தயாராகும் துருப்பிடிக்காத அடுக்கு எஃகை வாங்கிப் பயன்படுத்துகிறார்கள். வெளிநாட்டு எஃகா என்று முகம் சுளிப்பவர்களுக்கு ஒரு தகவல்: பழைய டிர்க்குகளில் பலவற்றின் அலகு உடைந்த வாளிலிருந்து வெட்டி எடுத்தது, அந்த வாள்களில் பெரும்பாலானவை ஜெர்மனியின் சோலிங்கனிலிருந்து வந்தவை.