சாம்பலில் பிறந்த காரம்

"சட்னியில காரம் தூக்கலா இருக்கு" என்று காலையில் வீட்டில் சொல்லிவிட்டுப் பள்ளிக்குப் போகும், தருமபுரிப் பகுதியின் தீர்த்தமலை ஊர்ப் பிள்ளை, "காரம் சிவப்பு லிட்மஸ் தாளை நீலமாக்கும்" என்று அங்கே ஒப்பிக்கிறது. மிளகாய் அரைத்த நீரில் அந்தத் தாளை எத்தனை முறை நனைத்தாலும் அது நீலமாகாது. மிளகாயின் எரிச்சல் கேப்சைசின் என்னும் பொருளால் வருவது; ஆய்வகத்துக் காரமோ கசப்பும் வழவழப்பும் உடையது. இரண்டுக்கும் பெயர் ஒன்றாய் அமைந்த கதையைச் சொல்லன்பர்கள் பொறுமையாகப் பிரித்துப் பார்க்கலாம்.

கார்த்தல் என்பது தமிழின் பழைய வினை. உறைத்தல், உவர்த்தல் என்னும் இரு பொருளும் அதற்கு உண்டு. "தண்ணி உப்புக் கரிக்குது" என்கையில் நாம் வழங்கும் கரித்தலும் அதன் உறவே. அறுசுவையுள் ஒன்றான கார்ப்பு அதன் பெயர் வடிவம். வடமொழியில் க்ஷாரம் என்றொரு சொல் உண்டு: செடியை எரித்து, சாம்பலை நீரில் கரைத்து, தெளிவை வடித்துக் காய்ச்சினால் அடியில் படியும் உப்பு அது. வேலியோரம் முளைத்துத் துணியில் ஒட்டும் நாயுருவியைச் சுட்டு மருத்துவர் எடுத்ததும் இதுவே. மெய்ம்மயக்கத்தோடு தொடங்கும் அச்சொல்லைத் தமிழ் நாக்கு இரண்டாகப் பிளந்தது: ஒருபுறம் நவச்சாரத்தில் வரும் சாரம், மறுபுறம் காரம். அந்தக் காரம், இங்கே முன்பே இருந்த கார்ப்போடு ஒலியாலும் பொருளாலும் இழைந்துவிட்டது. வந்ததும் இருந்ததும் இன்று ஒன்றாகவே வழங்குகின்றன. அல்கலி என்னும் அரபுவழிச் சொல்லின் அடியிலும் செடிச் சாம்பலே இருக்கிறது!

தமிழோடு தெலுங்கும் கன்னடமும் புழங்கும் தருமபுரிப் பகுதியில் இச்சொல்லின் உறவுகளைக் காதாலேயே கேட்கலாம். தெலுங்கர் காரம் என்றால் மிளகாய்ப்பொடி. கன்னடர் காரா என்றால் உறைப்பு. வடக்கே போனால் காரா என்பது உவர்நீர். மிளகாயோ போர்ச்சுகீசியர் வருகைக்குப் பின்னரே இம்மண்ணில் வேரூன்றியது. மிளகு போல் எரியும் காய் என்றே அதற்குப் பெயரும் வைத்தோம். ஆகவே சாம்பலின் காரம் மிளகாயைவிட மூத்தது.

தொழிலாளர் வாயில் இச்சொல் இன்னும் செழிப்பு. பொன்னைப் பற்றவைக்கத் தட்டார் இடும் வெங்காரமும், துணி வெளுக்கும் சவுக்காரமும் உண்மையிலேயே காரத்தன்மை உடையவை. சவுக்காரத்தை யாழ்ப்பாணத்தார் சவர்க்காரம் என்பர். சவர் என்பது உவர் ஆதலால் சவர்+காரம் என்று பிரிக்க என் மனம் விரும்புகிறது. வடமொழியின் சர்ஜக்ஷாரத்தோடு சேர்ப்பாரும் உண்டு. முகம் மழித்தபின் தேய்க்கும் படிகாரம் மட்டும் பெயருக்கு மாறானது: அதன் கரைசல் நீல லிட்மசைச் சிவப்பாக்கும் அமிலம். ஸ்படிகாரி என்னும் சொல் தமிழில் திரிந்து படிகாரம் ஆனபோது, ஒலி ஒப்புமையால் மட்டுமே அது காரக் குடும்பத்தில் சேர்ந்தது என்று கொள்ளலாம்.

எதிரணியில் நிற்கும் அமிலம், அம்லம் என்னும் வடசொல்லின் இடையே இகரம் புகுந்து இனிமையானது, பொருள் புளிப்பு. தருமபுரிச் சாலைகளின் புளியமரங்கள் தரும் டார்டாரிக் அமிலத்துக்கு இதைவிடப் பொருந்தும் பெயர் ஏது? கந்தகத் திராவகம் என்ற பழைய வழக்கில் திராவகம் நீர்மையை மட்டும் சொன்னது. அமிலம் சுவையைச் சொன்னது. அறிவியலுக்குத் தமிழ்ச்சொல் தேடும் இம்முயற்சி பழையது: 1875இல் மருத்துவர் கிறீன் வேதியியலைக் கெமிஸ்தம் என்ற பெயரில் தமிழாக்கினார். 1916இல் சேலத்தில் இராஜாஜியும் நண்பர்களும் அறிவியல் சொற்களுக்கென ஒரு சங்கமே கண்டனர். தீர்த்தமலை அன்று சேலம் மாவட்டத்து ஊர். திண்ணை ரசாயனம் என்று இராஜாஜி தம் நூலுக்கு இட்ட பெயரை நான் பெரிதும் மதிக்கிறேன். வேதியியலை வீட்டு வாசலுக்கே அழைத்து வருகிறது அது.

இலங்கைப் பாடநூல்கள் அமிலத்துக்கு எதிரானதை மூலம் என்று அழைத்து, நீரில் கரையும் மூலத்துக்கே காரம் என்பதை ஒதுக்குகின்றன. மிளகாய்க்கு அங்கே உறைப்பு என்ற சொல் இருப்பதால் யாழ்ப்பாண மாணவருக்கு இந்த மயக்கமே இல்லை. உறைப்பு நமக்கும் உரிய சொல்தான். பாடம் தொடங்கும் நாளில் ஆசிரியர் மிளகாய்க்கு அதைக் கொடுத்துவிட்டு, ஒரு பிடி விறகுச் சாம்பலை நீரில் கரைத்துத் தெளிவில் சிவப்புத் தாளை நனைத்துக் காட்டினால், காரம் என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்பது பிள்ளைகளுக்குக் கண்ணெதிரே விளங்கும்.